படிப்பு ஜீன்லயே இருக்கா? சமூக ஆய்வுக்குள் மரபணு வந்த கதை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி நல்ல மார்க் எடுத்திருந்தாள். மைசூர்பாகு பெட்டியைத் திறந்து நீட்டிக்கொண்டே சித்தப்பா சொன்னார்: "நம்ம குடும்பத்துக்குப் படிப்பு ஜீன்லயே இருக்குடா."

அவர் தலைக்கு மேலே சுவரில் அப்பாயி படம் மாட்டியிருந்தது. அப்பாயி கைநாட்டு. பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய கணக்கை அடுப்புக்கரியால் சுவரில் கோடு போட்டு வைத்திருப்பார், மாதக் கடைசியில் ஒரு கோடு பிசகாது. அந்த அப்பாயியின் ஜீன்தான் சித்தப்பாவுக்கு, அவர் வழியாகப் பேத்திக்கு. அது படிப்புக்கான ஜீன் என்றால் அப்பாயியிடம் இருந்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது?

இன்னொரு பக்கம், "சமூகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் மரபணுவுக்கு என்ன வேலை? பேசினாலே ஆபத்து" என்று கதவைச் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பொருளாதார, சமூகவியல் ஆய்வாளர்கள் லட்சக்கணக்கானவர்களின் மரபணுத் தரவை எடுத்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அதில் கிடைத்த விடை சித்தப்பாவுக்கும் சாதகமாக இல்லை, கதவைச் சாத்துகிறவர்களுக்கும் சாதகமாக இல்லை.

இரண்டு அட்டவணை

நம் உடலின் செல்களுக்குள் டி.என்.ஏ. என்ற நீளமான இழை சுருண்டு கிடக்கிறது. அதை நான்கே எழுத்துகளால் எழுதிய ஒரு பெரிய நூலாக நினைத்துக்கொள்ளலாம். மொத்தம் சுமார் 300 கோடி எழுத்து. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. இந்த நூலில் குறிப்பிட்ட ஒரு வேலைக்கான குறிப்பு எழுதியிருக்கும் பத்திதான் மரபணு, நாம் ஜீன் என்று சொல்வது.

எந்த இரண்டு பேரை எடுத்தாலும் நூலில் சுமார் 99.9 சதவீதம் ஒன்றுதான். மீதியிருக்கும் ஆயிரத்தில் ஓர் எழுத்தில்தான் வேறுபாடு. பலரிடம் ஓர் எழுத்தும் வேறு பலரிடம் இன்னோர் எழுத்தும் இருக்கிற இடத்துக்கு ஸ்னிப் என்று பெயர். உங்களிடம் இரண்டு பிரதி இருப்பதால், ஒரு ஸ்னிப்பில் குறிப்பிட்ட எழுத்து உங்களுக்கு 0, 1, 2 என்ற மூன்றில் ஓர் எண்ணிக்கையில்தான் இருக்க முடியும்.

மரபணுத் தரவு என்றதும் கண்ணாடிக் குடுவையும் வெள்ளைக் கோட்டும் மனதில் வரும். சமூக ஆய்வாளரின் கம்ப்யூட்டரில் இருப்பது வெறும் அட்டவணை. ஒவ்வொரு வரியும் ஓர் ஆள். மேலிருந்து கீழே போகும் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு ஸ்னிப். கட்டங்களுக்குள் 0, 1, 2. ஓர் ஆளுக்கு 5 முதல் 10 லட்சம் கட்டம் இருக்கும். பக்கத்தில் இன்னோர் அட்டவணை: வயது என்ன, எத்தனை வருடம் படித்தார், என்ன சம்பளம், சிகரெட் பிடிப்பாரா, அப்பா என்ன வேலை பார்த்தார். இரண்டையும் ஆளுக்கு ஆள் பொருத்தி ஒட்டினால் வேலை தொடங்கிவிடும்.

இப்படி ஒட்டுவதற்குத் தோதான பெரிய தரவுத்தொகுப்புகள் சில உண்டு. அமெரிக்காவில் 50 வயது தாண்டியவர்களை 1992 முதல் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேள்வி கேட்கும் 'ஹெல்த் அண்ட் ரிடயர்மென்ட் ஸ்டடி' 2006 முதல் டி.என்.ஏ. எடுப்பதற்காக எச்சிலும் வாங்கி வைத்தது. பிரிட்டனின் 'யூகே பயோபேங்க்' 2006க்கும் 2010க்கும் இடையில் 40 முதல் 69 வயது வரையுள்ள சுமார் 5 லட்சம் பேரைச் சேர்த்தது.

தலைமடையும் கடைமடையும்

"உயரத்தில் 80 சதவீதம் ஜீன்", "படிப்பில் 40 சதவீதம் ஜீன்" என்றெல்லாம் படித்திருப்பீர்கள். இந்த சதவீதத்துக்கு மரபுப் பங்கு என்று பெயர். இதைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட எண் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. "என் 12 வருடப் படிப்பில் 5 வருடம் ஜீன் கொடுத்தது, 7 வருடம் நானே படித்தேன்" என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு தனி ஆளைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை.

ஒரு மூட்டையில் கலந்துகட்டிய விதைநெல் இருக்கிறது. ஒரு கை அள்ளித் தலைமடை வயலில் தெளிக்கிறோம், இன்னொரு கை அள்ளிக் கடைமடை வயலில் தெளிக்கிறோம். தலைமடையில் எல்லாப் பயிருக்கும் ஒரே மாதிரித் தண்ணீர், ஒரே மாதிரி உரம். ஆகவே அந்த வயலுக்குள் ஒரு பயிர் உயரமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருந்தால் காரணம் விதை. அங்கே மரபுப் பங்கு ஏறக்குறைய நூறு சதவீதம். கடைமடையிலும் அப்படியே, எல்லாப் பயிரும் ஒரே மாதிரிக் காய்கிறது. ஆனால் கடைமடைப் பயிர் மொத்தமும் தலைமடைப் பயிரைவிடக் குட்டை. அதற்கு விதையைக் குறை சொல்ல முடியுமா? தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

மரபுப் பங்கு என்பது ஒரு கூட்டத்துக்குள் ஆட்களுக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்ற கணக்கு. கூட்டம் மாறினால், காலம் மாறினால், எண்ணும் மாறும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை அது விளக்காது.

தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறே வருடத்தில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியது. நான்கு தலைமுறைக்குள் மரபணு அப்படி மாறாது. மாறியது சாப்பாடும் சுகாதாரமும். அங்கேயும் உயரத்தின் மரபுப் பங்கு அதிகம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. நம் கையில் ஐந்து விரல் இருப்பது முழுக்க மரபணு வேலை. ஆனால் ஒன்பது விரலோடு இருக்கும் ஆட்களைப் பார்த்தால், பெரும்பாலும் மரம் அறுக்கும் மில்லிலோ கரும்பு பிழியும் மெஷினிலோ போனது. ஆகவே விரல் எண்ணிக்கையின் மரபுப் பங்கு பூஜ்ஜியத்தை ஒட்டி வரும். மரபுப் பங்கு அதிகம் என்றால் மாற்ற முடியாது என்பதும் இல்லை: கிட்டப்பார்வை குடும்பத்தில் வருவதுதான், கண்ணாடி போட்டால் தீர்ந்தது.

எண் மாறும் என்பதற்கு எஸ்டோனியா நல்ல உதாரணம். 1991 வரை அது சோவியத் ஆட்சிக்குள் இருந்தது. சோவியத் காலத்தில் படித்து வளர்ந்தவர்களையும் விடுதலைக்குப் பின் வளர்ந்தவர்களையும் தனித்தனியாகப் பார்த்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னவர்களிடம் படிப்பு வேறுபாட்டை மரபணு விளக்கிய அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு தலைமுறைக்குள் எஸ்டோனியர்களின் மரபணு மாறிவிடவில்லை. யார் மேலே படிக்கலாம் என்பதைத் தீர்மானித்த விதிகள் மாறின. அப்பாயி விஷயமும் இதுதான். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லாத ஊரில், எந்த மரபணு இருந்து என்ன, எல்லாரும் கைநாட்டு.

ஒரே ஒரு ஜீனைத் தேடிய காலம்

மனித மரபணு நூலைப் படித்து முடிக்கும் திட்டம் 2003இல் நிறைவடைந்தது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை: கோபத்துக்கு ஒரு ஜீன், சோகத்துக்கு ஒரு ஜீன், புத்திக்கு ஒரு ஜீன், தேடினால் கிடைக்கும். நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் 847 பேரை வைத்துச் செய்த ஆய்வு அதே 2003இல் வெளிவந்தது. செரடோனின் என்ற மூளை ரசாயனம் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவின் ஒரு வடிவம் இருந்தால், வாழ்க்கையில் அடிமேல் அடி விழும்போது மனச்சோர்வு வருவது அதிகம் என்றது. பரபரப்பான முடிவு. அதைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன.

2019இல் லட்சக்கணக்கானவர்களின் தரவைக் கொண்டு அதையும், மனச்சோர்வுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட மற்ற மரபணுக்களையும் சேர்த்து மொத்தம் 18ஐச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஏதோ 18 மரபணுக்களுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் இல்லை. புத்திக்கூர்மைக்கான மரபணுக்கள் என்று பேர் வாங்கியவற்றுக்கு 2012லேயே இதே கதி நேர்ந்திருந்தது.

இடையில் வினையும் விளைந்தது. வன்முறையோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட, பத்திரிகைகள் 'போர்வீரர் ஜீன்' என்று பெயர் சூட்டிய ஒரு மரபணுவைக் கணக்கில் எடுத்து, இத்தாலியின் திரியெஸ்தே நகர நீதிமன்றம் 2009இல் ஒரு கொலைக் குற்றவாளிக்குத் தண்டனையில் ஓர் ஆண்டு குறைத்தது. ஆராய்ச்சி அப்புறம் பின்வாங்கினாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

கோளாறு எங்கே என்றால், தேடிய பொருள் மிகச் சிறியது, தேடிய கூட்டமும் மிகச் சிறியது. சின்னக் கூட்டத்தில் தற்செயலாகத் தெரிந்ததை எல்லாம் கண்டுபிடிப்பு என்று எழுதிவிட்டார்கள்.

மொய் நோட்டும் மதிப்பெண்ணும்

இப்போது செய்வது வேறு. எந்த மரபணு என்று முன்கூட்டி ஊகிக்காமல், லட்சக்கணக்கான ஸ்னிப்களில் ஒவ்வொன்றாக எடுத்து, "இந்த எழுத்து கூடுதலாக இருப்பவர்கள் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் படித்திருக்கிறார்களா?" என்று கேட்கிறார்கள். இதற்கு ஜீவாஸ் என்று பெயர்: முழு மரபணு நூலிலும் தொடர்பு தேடும் ஆய்வு. பத்து லட்சம் கேள்வி கேட்டால் தற்செயலாகவே ஆயிரக்கணக்கான 'ஆமாம்' வந்துவிடும். அதனால் தற்செயலாக வரும் வாய்ப்பு 10 கோடியில் 5க்கும் குறைவாக இருந்தால்தான் கணக்கில் சேர்ப்பது என்று கறாராக வைத்திருக்கிறார்கள்.

டேனியல் பெஞ்சமின், டேவிட் செசரினி, பிலிப் கோலிங்கர் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2011இல் இதற்கென்றே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, ஒருவர் எத்தனை வருடம் படித்தார் என்பது. புத்தி, ஆர்வம் என்று அளக்கக் கஷ்டமான எதையும் எடுக்காததற்குக் காரணம் எளிது: எந்த நோய்க்கான ஆய்வுப் படிவத்திலும் "எதுவரை படித்தீர்கள்?" என்ற கேள்வி எப்படியும் இருக்கும். தரவு ஏற்கெனவே கிடைக்கிறது.

2013இல் 1,26,559 பேரை வைத்துத் தேடினார்கள். மூன்றே மூன்று ஸ்னிப் சிக்கியது. ஒவ்வொன்றின் தாக்கமும் ஓர் எழுத்துக்குச் சுமார் ஒரு மாதப் படிப்பு. 2016இல் கிட்டத்தட்ட 3 லட்சம் பேர், 74 இடங்கள். 2018இல் 11 லட்சம் பேர், 1,271 ஸ்னிப். 2022இல் 30 லட்சம் பேர், 3,952 ஸ்னிப். ஆள் சேரச் சேர இன்னும் சின்னச் சின்னதாகத்தான் கிடைத்துக்கொண்டே போனது: ஓர் எழுத்துக்கு ஒன்றிரண்டு வாரப் படிப்பு. 'படிப்பு ஜீன்' என்று ஒன்று எங்கேயும் தட்டுப்படவே இல்லை.

கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான் இது. 200, 500, 101 என்று நூற்றுக்கணக்கான வரி. எந்த ஒரு வரியும் கல்யாணத்தை நடத்திவிடவில்லை, ஆனால் கடைசிப் பக்கத்தில் கூட்டினால் ஒரு தொகை நிற்கிறது. அதே மாதிரி ஒருவருடைய லட்சக்கணக்கான ஸ்னிப்களில் உள்ள 0, 1, 2ஐ அதனதன் சிறு எடையால், அதாவது ஜீவாஸில் தெரிந்த தாக்கத்தின் அளவால், பெருக்கி மொத்தமாகக் கூட்டினால் வரும் ஒற்றை எண்ணுக்குப் பல்மரபணு மதிப்பெண் என்று பெயர். இனி மதிப்பெண் என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

2022 ஆய்வின் மதிப்பெண், மக்களிடையே உள்ள படிப்பு வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தை விளக்குகிறது. சமூக அறிவியலில் இது சின்ன எண் அல்ல. ஆனால் பயந்துபோகவும் தேவையில்லை. எச்சில் துப்பவைத்து, ஸ்னிப்களைப் படிக்கும் சிப்பில் ஓட்டி, 30 லட்சம் பேரின் கணக்கைப் போட்டு வாங்கும் விடைக்குப் பக்கத்தில், "அம்மா அப்பா எதுவரை படித்தார்கள்?" என்ற ஒற்றைக் கேள்வியே கிட்டத்தட்டக் கொண்டுபோய்விடும்.

இதுவரை வந்ததைக் கையில் பிடித்துக்கொள்வோம். மரபுப் பங்கு என்பது கூட்டத்தைப் பற்றிய எண். படிப்பு மாதிரியான விஷயத்துக்குத் தனி ஜீன் கிடையாது, ஆயிரக்கணக்கான சில்லறை உண்டு. அந்தச் சில்லறையின் கூட்டுத்தொகை மதிப்பெண். இனி அந்தத் தொகைக்குள் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கையால் சாப்பிடும் ஜீன்

சென்னையில் ஆயிரம் பேர், லண்டனில் ஆயிரம் பேர் என்று எச்சில் எடுத்து, "சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுவீர்களா?" என்று கேட்டு ஒரு ஜீவாஸ் நடத்தினால் பிரமாதமான முடிவு வரும். தோல் நிறத்தோடு தொடர்புள்ள ஸ்னிப்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கையால் சாப்பிடும் ஜீன் கண்டுபிடித்தாயிற்று! நிறத்துக்கும் ரசஞ்சோற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு ஊர்க் கூட்டமும் மரபணுவில் கொஞ்சம் வேறு, பழக்கத்திலும் வேறு. இரண்டு வேறுபாடும் ஒன்றாகப் பயணம் செய்ததால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போலத் தெரிகிறது. இதைக் கூட்டக் குழப்பம் என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் புள்ளியியல் முறைகளால் இதைக் களையத்தான் பார்க்கிறார்கள். ஆனால் நுட்பமாக எஞ்சியது முழுசாகப் போவதில்லை.

இதைவிடச் சிக்கலான ஒன்றை அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டோபர் ஜெங்க்ஸ் 1972இல் சுட்டிக்காட்டினார். ஒரு நாட்டில் செம்பட்டைத் தலைமுடிக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது செம்பட்டை முடிக்கான மரபணுக்கள் எழுத்தறிவின்மைக்குக் காரணமாகக் கணக்கில் வந்துவிடும். புள்ளிவிவரத்தில் ஒரு பிழையும் இருக்காது. அந்த மரபணு இருந்தால் நிஜமாகவே படிப்பு வராது. ஆனால் தடுத்தது மூளை அல்ல, பள்ளிக்கூட வாசலில் நின்றவர்.

இதைப் படிக்கும்போது நமக்கு எதெல்லாம் ஞாபகம் வருமோ அதெல்லாம் வரத்தான் வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வகமும் அமெரிக்காவின் ஹார்வர்டும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியத் துணைக்கண்டத்தின் மக்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தார்கள். அதற்குப் பிறகு அவரவர் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிப்பது இறுகிவிட்டது. அதனால் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் இரண்டு சாதியினருக்கிடையே எழுத்துகளில் சிறு சிறு அடையாள வேறுபாடு சேர்ந்திருக்கிறது. அதே தெருக்களில் யாருக்குப் பள்ளிக்கூடம், யாருக்கு இல்லை என்பதையும் சாதியே தீர்மானித்துவந்தது. இங்கே அஜாக்கிரதையாக ஒரு படிப்பு ஜீவாஸ் நடத்தினால் சாதிக்கொடுமையின் வரலாறே மரபணு வேடம் போட்டு வந்து நிற்கும். கையால் சாப்பிடும் ஜீனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள், "நான் அப்போவே சொன்னேன்" என்பார்கள். எனக்கு இதில்தான் பயம்.

கைக்கு வராத எழுத்தும் வேலை செய்கிறது

மரபணு விஷயத்தில் பெற்றோரிடம் உள்ளதெல்லாம் பிள்ளைக்கு வருவதில்லை. அம்மாவின் இரண்டு பிரதிகளில் ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்றுதான் வரும், அப்பாவிடமும் அப்படியே. எது வரும் என்பது குடவோலைத் தேர்தல் மாதிரி, குடத்தைக் குலுக்கி எடுப்பதுதான். அப்படியானால் பெற்றோரின் எழுத்துகளில் பாதி பிள்ளையின் உடம்புக்குள் வரவே இல்லை.

ஐஸ்லாந்தில் 2018இல் ஒரு கெட்டிக்கார ஆய்வு வந்தது. 21,637 பேரையும் அவர்களின் பெற்றோரையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு வராத அந்தப் பாதி எழுத்துகளை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். அது பிள்ளையின் படிப்போடு தொடர்பு காட்டக் கூடாதல்லவா? காட்டியது. வந்த பாதியின் தாக்கத்தில் சுமார் 30 சதவீதம் அளவுக்கு.

உடம்புக்குள் இல்லாத எழுத்து எப்படி வேலை செய்யும்? பெற்றோரின் வழியாகத்தான். அந்த எழுத்துகளால் அவர்கள் கொஞ்சம் அதிகம் படித்திருக்கலாம், கொஞ்சம் நல்ல வேலையில் இருந்திருக்கலாம், வீட்டில் புத்தகம் வாங்கிப் போட்டிருக்கலாம். பிள்ளைக்கு அது மரபணுவாக வரவில்லை, வளர்ப்பாக வந்தது. இதை வளர்ப்பு வழித் தாக்கம் என்று சொல்லலாம். மொய் நோட்டுக்கே திரும்பினால், மாப்பிள்ளை முகத்தையே பார்த்திராதவர்கள் அவர் கல்யாணத்தில் ஐந்நூறு எழுதுவதில்லையா? அவர் அப்பா ஊரெல்லாம் போய் எழுதிய மொய் திரும்பி வருகிறது.

இதனால்தான் இப்போது அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை ஒப்பிடும் ஆய்வுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஒரே வீடு, ஒரே சாதி, ஒரே அம்மா அப்பா. அவர்களுக்குள் உள்ள மரபணு வேறுபாடு குடத்தைக் குலுக்கியதால் வந்தது மட்டும். அப்படிக் குடும்பத்துக்குள் வைத்து அளந்தால் படிப்பு மதிப்பெண்ணின் தாக்கம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. உயரத்துக்கு இந்த அளவு வீழ்ச்சி இல்லை. ஆக, படிப்பு மதிப்பெண் என்று நாம் வாங்கிவந்த பொட்டலத்தில் பாதிதான் அந்த ஆளின் உயிரியல். மீதியில் வீடும், கூட்டக் குழப்பமும், படித்தவர் படித்தவரையே கட்டிக்கொள்ளும் வழக்கமும் கலந்து கிடக்கின்றன. உயிரியல் என்று சொன்ன பாதியிலும் ஜெங்க்ஸ் சொன்ன செம்பட்டை முடிக் கதை ஒளிந்திருக்கலாம், அதைக் குடும்ப ஒப்பீடு பிடித்துத் தராது.

அப்புறம் எதற்கு இந்த வேலை?

இவ்வளவு கலப்படம் என்றால் தூக்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் சமூக ஆய்வாளர்களுக்கு ஒரு பழைய தலைவலி இருக்கிறது. வீட்டில் நிறையப் புத்தகம் உள்ள பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று ஆயிரம் ஆய்வு உண்டு. அதனால் எல்லா வீட்டுக்கும் புத்தகம் கொடுத்தால் படிப்பு வருமா? புத்தகம் வாங்கிய அதே பெற்றோர்தான் மரபணுவையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் புத்தகத்துக்கு மட்டும் மாலை போட முடியாது. மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்தால் அந்த மரபணு வழியில் கொஞ்சத்தையாவது ஒதுக்கிவைத்து, மிச்சத்தில் புத்தகத்தின் வேலை என்ன என்று பார்க்கலாம். அதாவது இந்த ஆய்வுகளில் பலவற்றுக்கு மரபணு மேல் ஆசையே கிடையாது. சூழலைச் சுத்தமாக அளக்க மரபணு ஒரு சல்லடை.

இதைவிட எனக்குப் பிடித்தது பிரிட்டன் உதாரணம். அங்கே 1972இல் பள்ளியை விட்டு நிற்கும் வயதை 15இலிருந்து 16 ஆக்கினார்கள். 1957 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் கூடுதலாக ஒரு வருடம் படித்தே ஆக வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவர் பதினைந்தில் நின்றுவிடலாம். ஆகஸ்ட் குழந்தைக்கும் செப்டம்பர் குழந்தைக்கும் மரபணுவில் என்ன வித்தியாசம் இருக்க முடியும்? ஒன்றுமில்லை. வித்தியாசம் சட்டத்தில் மட்டும்தான். இயற்கையாகவே அமைந்த சோதனைக்கூடம்.

யூகே பயோபேங்கில் இருந்த இந்த வயதினரை மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். உடல்பருமனுக்கான மதிப்பெண்படி அவர்களைப் பிரித்து, நடுவயதில் அவர்களுடைய உடல் அளவு எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். மதிப்பெண்ணில் மேல் மூன்றில் ஒரு பங்கினருக்கும் கீழ் மூன்றில் ஒரு பங்கினருக்கும் இடையே, ஆரோக்கியமற்ற உடல் அளவு கொண்டவர்களின் வீதத்தில் 20 சதவீதப் புள்ளி இடைவெளி இருந்தது. கட்டாயமாக ஒரு வருடம் கூடுதலாகப் படித்ததன் தாக்கத்தைக் கணக்கிட்டபோது அந்த இடைவெளி 6 ஆகச் சுருங்கியது. முடிவு 2018இல் வெளியானது.

இங்கே மரபணு தலையெழுத்தாக இல்லை. யாருக்கு எங்கே வழுக்கும் என்று காட்டியது, ஒரு சட்டம் அங்கே கைப்பிடி போட்டது. அந்தச் சட்டத்தால் மொத்தச் சராசரியில் பெரிய மாற்றம் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் யாருக்கு அது உண்மையிலேயே பயன்பட்டது என்பதை மதிப்பெண் இல்லாமல் பார்த்திருக்க முடியாது. மரபணுவும் சூழலும் ஒன்றின் வேகத்தை ஒன்று மாற்றுவதை மரபணு–சூழல் ஊடாட்டம் என்பார்கள். இந்தத் துறைக்கு நியாயம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த வகை ஆய்வுதான் என்பது என் கட்சி.

தனி ஆளுக்கு ஜாதகம் ஆகுமா?

ஆகாது. அதிலும் நமக்குச் சுத்தமாக ஆகாது.

2019 வாக்கில் எடுத்த கணக்குப்படி ஜீவாஸ்களில் கலந்துகொண்டவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். உலக மக்கள்தொகையில் அவர்கள் பங்கு சுமார் 16 சதவீதம். ஆய்வு செய்யும் ஸ்னிப் பெரும்பாலும் நேரடியாக வேலை செய்யும் எழுத்து அல்ல, அதற்குப் பக்கத்தில் நிற்கும் அடையாளக் கல் மட்டும்தான். எந்தக் கல் எதன் பக்கத்தில் நிற்கும் என்பது வம்சாவளிக்கு வம்சாவளி மாறும். அதனால் ஐரோப்பியர்களிடம் போட்ட எடையை மற்றவர்களுக்கு வைத்தால் கணிப்பு சரிந்துவிடும். 2018 ஆய்வின் படிப்பு மதிப்பெண் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 11 முதல் 13 சதவீத வேறுபாட்டை விளக்கியது. அதையே ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் வைத்துப் பார்த்தபோது 2 சதவீதம்கூட வரவில்லை. ஆகவே இந்த மதிப்பெண்ணை வைத்து ஓர் இனத்தோடு இன்னோர் இனத்தை ஒப்பிடுவது, செல்சியஸ் தெர்மாமீட்டரையும் பாரன்ஹீட் தெர்மாமீட்டரையும் பக்கத்தில் வைத்து யாருக்குக் காய்ச்சல் அதிகம் என்று சொல்வது போல.

அப்படியும் ஒப்பிடுகிறவர்கள் உண்டு. 2022 மே 14 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில் கறுப்பின மக்கள் வந்துபோகும் சூப்பர் மார்க்கெட்டில் புகுந்து 10 பேரைச் சுட்டுக் கொன்ற இனவெறியன் எழுதிவைத்த அறிக்கையில் அந்த 2018 படிப்பு ஆய்வும் மேற்கோளாக இருந்தது. ஆய்வை எழுதியவர்கள் தங்கள் ஒவ்வொரு கட்டுரையோடும் "இதிலிருந்து என்ன சொல்ல முடியாது" என்று நீண்ட கேள்வி–பதிலை வெளியிட்டுவருகிறவர்கள். அதை அவன் படிக்கவில்லை, அல்லது படித்தும் தேவைப்படவில்லை.

இந்தியத் தரவு இப்போதுதான் சேரத் தொடங்கியிருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் முழு மரபணு நூலும் படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மருத்துவத்துக்குப் பெரிய உதவி. 30 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்தால் 10,000 எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

சரி, எல்லாத் தடையும் நீங்கினால்? தரவு ஐரோப்பியர்களுடையது, ஆளும் ஐரோப்பிய வம்சாவளி, அளப்பதும் உயரம் மாதிரி நேராக ஸ்கேல் வைத்து அளக்கிற விஷயம் என்றே வைத்துக்கொள்வோம். சில வெளிநாட்டு கம்பெனிகள் கருத்தரிப்பு மையங்கள் வழியாகக் கருக்களுக்கு இப்படி மதிப்பெண் போட்டுத் தரத் தொடங்கிவிட்டன. அது எவ்வளவு தூரம் பலிக்கும் என்று இஸ்ரேல் ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு 2019இல் சோதித்தது. நிறையப் பிள்ளை பெற்ற 28 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள், சராசரியாகக் குடும்பத்துக்குப் பத்துப் பிள்ளை, எல்லாரும் வளர்ந்து பெரியவர்கள் ஆகிவிட்டவர்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் உயர மதிப்பெண்ணில் முதலிடம் வந்த பிள்ளை யார் என்று குறித்துக்கொண்டு, நிஜத்தில் நெட்டையாக இருப்பது யார் என்று பார்த்தார்கள். 28 குடும்பங்களில் 7இல்தான் இரண்டும் ஒரே ஆள். 5 குடும்பங்களில் அந்த முதல் மதிப்பெண்காரர் தன் வீட்டுச் சராசரியைவிடக் குட்டை.